இடுப்பில் துப்பாக்கி, பயிற்சி எங்கே?

1991 அக்டோபர் 16, மதிய உணவு நேரம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் கில்லீன் என்ற ஊரில், லூபீஸ் உணவகத்தின் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு வண்டி உள்ளே பாய்ந்தது. அதிலிருந்து இறங்கியவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைச் சுடத் தொடங்கினான். 23 பேர் இறந்தார்கள். தாய் தந்தையோடு சாப்பிட வந்திருந்த சுசானா கிராஷியா என்ற பெண்ணிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. ஆனால் அது வெளியே நின்ற காரில் கிடந்தது. கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு நடமாடுவது அன்றைய டெக்ஸாஸில் குற்றம். பிடிபட்டால் தன் சிகிச்சைத் தொழிலுக்கான உரிமம் போய்விடும் என்று அஞ்சி அதைக் காரிலேயே விட்டிருந்தார். கொலைகாரனை மடக்கப் பாய்ந்த தந்தை சுடப்பட்டார். மகள் ஜன்னல் வழியாகத் தப்பினார். அம்மாவும் பின்னாலேயே வருகிறார் என்று நினைத்திருந்தார். அம்மா வரவில்லை, கணவரின் தலையை மடியில் ஏந்தியபடி அங்கேயே கொல்லப்பட்டார்.

பின்னாளில் சுசானா ஹப் என்ற பெயரில் அவர் டெக்ஸாஸ் சட்டமன்ற உறுப்பினரானார். அவருடைய சாட்சியம் பல மாநிலங்களின் சட்ட விவாதங்களில் ஒலித்தது. 1995-இல் ஆளுநராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம், கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தர வழி செய்தது. உரிமம் வேண்டுவோர் 10 முதல் 15 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும், எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்கக் குறி பார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். 2013-இல் அந்த வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரமாகக் குறைந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் வகுப்பும் தேவையில்லை, தேர்வும் தேவையில்லை, உரிமமும் தேவையில்லை. 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை ஏதும் இல்லாதவர் காலையில் வாங்கி மாலையில் இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம்.

துப்பாக்கி உரிமை வேண்டுமா கூடாதா என்று இரு தரப்பும் போட்ட கூச்சலில் இந்தத் தேய்மானத்தைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. என் கவலையெல்லாம் இதில்தான். அமெரிக்கா குடிமக்களுக்கு உரிமையைக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. உரிமையைக் கையில் கொடுத்த அதே காலத்தில், அதைத் தாங்கும் திறமையை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டது. அதைத்தான் குற்றம் என்கிறேன்.

டெக்ஸாஸ் தனியாக இல்லை. வெர்மான்ட் மாநிலம் எந்தக் காலத்திலும் உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003-இலும் அரிசோனா 2010-இலும் உரிமத்தைக் கைவிட்டன. புளோரிடா 2023-இல் சேர்ந்துகொண்டது. 2024-க்குள் 29 மாநிலங்கள் அந்த வரிசைக்கு வந்துவிட்டன. ஐம்பதில் பாதிக்கு மேல். மறுபக்கம் நியூயார்க், 1913-இலிருந்து, தகுந்த காரணம் இருப்பதை நிரூபித்தவர்களுக்கு மட்டுமே உரிமம் கொடுத்துவந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், புரூயென் வழக்கில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த நிபந்தனையைத் தூக்கி எறிந்தது. வீட்டுக்கு வெளியிலும் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்றது.

அதே தீர்ப்போடு நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் கையொப்பமிட்டிருக்கிறார். கைரேகை பதிவது, பின்னணியைச் சரிபார்ப்பது, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சியும் சட்ட அறிவும் கேட்பது ஆகியவற்றுக்குத் தடையில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது பயிற்சியைக் கேட்கக்கூடாது என்று எந்த நீதிமன்றமும் மாநிலங்களின் கையைக் கட்டவில்லை. அவை தாமாகவே விட்டுக்கொடுத்தவை.

துப்பாக்கி எடுத்துச் செல்கிறவர்களையெல்லாம் வெறியர்கள் என்று இங்கிருந்துகொண்டு தீர்ப்பு எழுதுவது எளிது. அது நியாயமில்லை. முன்னாள் கணவனால் நாள்தோறும் மிரட்டப்படும் ஒரு பெண்ணுக்கு, நீதிமன்றத்தின் தடை உத்தரவு வெறும் காகிதம்தான். மேற்கு மாநிலங்களின் பண்ணை வீடுகளுக்கு ஷெரீப் அலுவலகத்தின் வண்டி வந்து சேர அரைமணி நேரத்துக்கு மேலாகலாம். இரவில் கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கடையைப் பூட்டுகிறவருக்கு இருக்கும் பயம் கற்பனை அல்ல. பியூ ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்றார்கள். அந்தப் பயத்தை மதித்துத்தான் எழுதுகிறேன். பயத்தோடு வருகிறவருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறதா, அல்லது ஒரு பொருள் மட்டும் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

கடையிலிருந்து தொடங்குவோம். மறைத்து வைக்க வேண்டும் என்றதும் யாருக்கும் கை போவது சிறிய துப்பாக்கியின் பக்கம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-இல் கொண்டுவந்த ஐந்து தோட்டா ரிவால்வரின் வாரிசுகள் இன்றும் விற்கின்றன. ரூகர் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட எல்.சி.பி. பிஸ்டல் 300 கிராம்கூட இல்லை. சட்டைப்பையில் போட்டால் வெளியே தெரியாது. கடைக்குத் தனியாக வரும் பெண்ணிடம் விற்பனையாளர் இவற்றில் ஒன்றைத்தான் முதலில் நீட்டுவார். அந்த வழக்கத்தைப் பெண் பயிற்றுநர்கள் பல ஆண்டுகளாகக் கண்டித்துவருகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

துப்பாக்கி சிறுத்தால் அதைச் சுடுவது கடினமாகிறது. எடை குறைந்ததும் பின்னுதைப்பு முழுவதும் உள்ளங்கையில் இறங்குகிறது. பிடியில் இரண்டு விரல்தான் அடங்குகிறது. குழல் குட்டையானதால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி சுருங்கி, நூலளவு பிசகு இலக்கில் முழம் அளவு விலகலாக விரிகிறது. குட்டை ரிவால்வரின் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் அதிகமான அழுத்தம் தேவை. துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோவுக்கும் கீழே. விரல் விசையை இழுக்கும்போது துப்பாக்கியையே சேர்த்து இழுத்துவிடும். கை நடுங்கும் நேரத்தில் இதைச் செய்ய நிறைய பழக்கம் வேண்டும். இந்தச் சின்னத் துப்பாக்கிகள் கைதேர்ந்தவர்களுக்கு உரியவை. கடைகளிலோ புதிதாக வருகிறவர்களின் கையில்தான் முதலில் வைக்கப்படுகின்றன.

கொஞ்சம் பெரியதை எடுத்தால் கை நன்றாகப் பிடிக்கும், குறி நிற்கும், பயிற்சியும் வலிக்காது. கிளாக் 19 போன்றவை 15 தோட்டா கொள்ளும். ஆனால் டெக்ஸாஸின் ஜூலை வெயிலில் மெல்லிய சட்டைக்குள் அதை மறைக்க வேண்டும். காரில் ஏறும்போதும் குனியும்போதும் உட்காரும்போதும் இடுப்பு எலும்பில் குத்தும். வாங்கிய மூன்று மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும் துப்பாக்கிகள் இந்த வகை. 2018-இல் வந்த சிக் பி365, உள்ளங்கை அளவு உடலுக்குள் பத்துத் தோட்டாவை அடக்கி, இந்த இரண்டு துன்பங்களுக்கும் நடுவில் ஒரு வழி காட்டியது. போட்டி நிறுவனங்கள் அனைத்தும் அதன் பின்னால் ஓடின. பொறியியலாகப் பார்த்தால் நல்ல சாதனைதான். ஆனாலும் அதைப் பிடித்துச் சுடப் பழக வேண்டிய கையை எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது.

எந்த அளவுத் தோட்டா நல்லது என்பது அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் போடும் சண்டை. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களோடு நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொள்ளையன் ஒருவனின் உடலில் பாய்ந்த 9 மில்லிமீட்டர் தோட்டா இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. பழி தோட்டாவின் மேல் விழுந்தது. எஃப்.பி.ஐ. 10 மில்லிமீட்டருக்கு மாறியது. அதன் உதைப்பு பலருக்குத் தாங்கவில்லை. பிறகு .40 அளவுக்கு இறங்கியது. தோட்டா தயாரிப்பு முன்னேறியதும் 2010-களின் நடுவில் மறுபடியும் 9 மில்லிமீட்டருக்கே வந்து சேர்ந்தது. உதைப்பு குறைந்தால் வேகமாகவும் சரியாகவும் சுட முடிகிறது என்பது அந்த முடிவின் முக்கியக் காரணம். முப்பது ஆண்டு ஆராய்ச்சி, கடைசியில் சுடுகிறவரின் கையில் வந்து நின்றது. வாங்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால், அந்த வாக்குவாதத்தில் செலவாகும் நேரத்தைச் சுடுதளத்தில் செலவிடலாம்.

உண்மையில் உயிரைக் காப்பதும் எடுப்பதும் துப்பாக்கியைவிட அதன் உறை. விசையை முழுக்க மூடும் கெட்டியான உறை, அதைத் தொங்கவிடாமல் பிடிக்கும் தடித்த பெல்ட்: இந்த இரண்டும் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்று நல்ல பயிற்றுநர்கள் சொல்வார்கள். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் தனியாகப் பூட்டு கிடையாது. விசை அழுந்தினால் வெடிக்கும். உறையில் திருப்பிச் செருகும்போது சட்டை நுனியோ கயிறோ உள்ளே சிக்கி, தொடையில் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வெளியே எடுப்பதற்குத்தான் வேகம் வேண்டும். திரும்ப வைப்பதற்கு நிதானம் வேண்டும். இதை ஒருவர் நேரில் நின்று சொல்லித் தந்தால்தான் உடம்பில் ஏறும்.

2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. 29 வயதுப் பெண் ஒருவர், அணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி, வால்மார்ட் கடைக்குக் குழந்தைகளோடு போயிருந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையும் ஜிப்பும் தைத்த கைப்பை. கணவர் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் பைக்குள் கையை விட்டான். ஒரே வெடி. அவர் அசட்டையானவர் அல்ல. உரிமம் வைத்திருந்தார், துப்பாக்கியோடு வளர்ந்தவர். கைப்பை உடம்பை விட்டு விலகும் பொருள். தோளிலிருந்து இறங்கும், நாற்காலியில் தொங்கும், குழந்தையின் பக்கத்தில் உட்காரும். பெண்களுக்கு ஏற்றது என்று அதையே விளம்பரம் செய்து விற்கிறார்கள். இலக்கில் ஓட்டை போடக் கற்றுத்தருவதோடு நின்றுவிடும் வகுப்பும் போதாது என்பதற்கு இந்த வீட்டின் துக்கத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஒருவர் வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கி சுமந்தாலும் அதை எடுக்க வேண்டிய நேரம் வராமலே போகலாம். வந்தாலும் சில விநாடிகள்தான். மற்ற நேரமெல்லாம் அதைச் சும்மா வைத்திருக்கும் நேரம். கழிப்பறைக்குப் போனால் அதை எங்கே வைப்பது? தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து மறந்துவிட்டு வந்த காவலர்களே உண்டு. தபால் நிலையத்துக்குள் எடுத்துச் செல்லக்கூடாது. டெக்ஸாஸில் வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மது விற்பனையிலிருந்து வரும் இடங்களின் வாசலில் சிவப்பில் ‘51%’ என்று எழுதியிருக்கும். உள்ளே துப்பாக்கி கூடாது. 30.06 என்று சட்டப் பிரிவு எண் போட்ட பலகை தொங்கினால் உரிமம் உள்ளவரும் மறைத்து எடுத்துவரக் கூடாது. இப்படி ஒவ்வொரு வாசலிலும் அது இடுப்பிலிருந்து கழன்று காருக்குள் போகிறது. கழற்றும் ஒவ்வொரு முறையும் தவறுதலாக வெடிக்க ஒரு வாய்ப்பு. காரில் விடும் ஒவ்வொரு முறையும் திருட்டுப்போக ஒரு வாய்ப்பு. அமெரிக்கக் காவல் துறைகள் இன்று கவலையோடு பேசும் திருட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பங்கு கார்களிலிருந்து போனவை.

மறதியின் அளவைப் பார்க்க விமான நிலையங்கள் போதும். 2023-இல் மட்டும் பயணிகளின் கைப்பைகளில் 6,737 துப்பாக்கிகள் சோதனையில் பிடிபட்டன. அவற்றில் 93 சதவீதத்தில் தோட்டா நிரப்பியிருந்தது. கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில், பையில் இருந்ததே நினைவில்லை என்பதுதான். தோட்டா நிரப்பிய ஆயுதம் ஒன்று தன்னிடம் இருப்பதை மறக்க முடிகிறவரிடம் அது எப்படி இருக்கலாம்? கன்சைட் பயிற்சிப் பள்ளியை 1976-இல் அரிசோனாவில் தொடங்கிய ஜெஃப் கூப்பர், எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தார். துப்பாக்கி இயக்கத்தின் மதிப்புக்குரிய ஆசான் அவர். சுற்றுப்புறத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்பதை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணங்களால் பிரித்துக் காட்டியவரும் அவரே. வெள்ளையில், அதாவது எதையும் கவனியாத நிலையில், வெளியே நடமாடாதே என்பது அவர் போதனை. அவரைத் தலைவராகக் கொண்டாடுகிறவர்கள், பயிற்சியை எடுத்துவிடும் சட்டங்களுக்கு வாக்களிப்பது எனக்கு விளங்கவே இல்லை.

அந்தச் சில விநாடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சால்ட் லேக் சிட்டி காவல் துறையின் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கத்தியோடு ஓடிவருகிறவர் 21 அடியை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார் என்று காட்டினார். அதற்குள் சட்டையை விலக்கி, உருவி, குறி பார்த்து, விசையை இழுக்க வேண்டும். நியூயார்க் காவல் துறையின் சுடும் பயிற்சியை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, எதிராளியும் சுடும் சண்டைகளில் காவலர்களின் தோட்டாக்களில் 18 சதவீதமே இலக்கில் பட்டன. மற்றவை வேறெங்கோ போயின. மாதச் சம்பளம் வாங்கிப் பயிற்சி பெறுகிறவர்களின் கணக்கு இது. ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காதவர் மக்கள் நிறைந்த கடைத்தெருவில் சுட்டால் அந்த மற்றத் தோட்டாக்கள் யார் மேல் பாயும்?

2022 ஜூலை 17 அன்று இண்டியானா மாநிலத்தின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் ஒருவன் சுடத் தொடங்கியபோது, 22 வயது இளைஞர் ஒருவர் தன் காதலியைக் கீழே குனியச் செய்துவிட்டு, ஏறக்குறைய 40 கஜம் தொலைவிலிருந்து பத்து முறை சுட்டார். எட்டு பட்டன. முதல் வெடிக்கும் அவர் எதிர்ச்சுடுதலுக்கும் இடையே 15 விநாடி. மூன்று உயிர்கள் போயிருந்தன. இன்னும் எத்தனையோ உயிர்கள் மிஞ்சின. இண்டியானா உரிமத்தைக் கைவிட்டு அப்போது மூன்று வாரம்கூட நிறையவில்லை. அந்தச் சட்டத்தின் வெற்றி என்று இதைக் கொண்டாடினார்கள். அவருடைய வீரத்துக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தக் குறி சட்டத் திருத்தத்திலிருந்து வரவில்லை. சிறுவயதிலிருந்து அவருக்குச் சுடக் கற்றுத்தந்தவர் அவர் தாத்தா. அப்படி ஒரு தாத்தா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அதற்கு ஓராண்டு முன், 2021 ஜூன் 21 அன்று, கொலராடோ மாநிலத்தின் அர்வாடாவில், காவலர் ஒருவரைக் கொன்றவனை அந்தப் பக்கமாக வந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பிறகு கொலைகாரனின் நீளத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். ஓடிவந்த காவலர் அவரையே கொலைகாரன் என்று எண்ணிச் சுட்டுக் கொன்றார். சுட்டு முடித்தபின் ஆயுதத்தைக் கீழே வைப்பது, கைகளைக் காட்டுவது, அவசர எண்ணுக்கு அழைத்து நம் அடையாளத்தைச் சொல்வது, இவையெல்லாம் பயிற்சி வகுப்புகளின் பாடம். ஆனால் பாடம் தெரிந்தவரையும் அது எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் காரை நிறுத்திய காவலரிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைப் பணிவோடு முன்கூட்டியே சொன்னார் ஃபிலாண்டோ காஸ்டில். உரிமம் உள்ளவர். கறுப்பர். சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்ட காவலர் அடுத்த ஆண்டு விடுதலையானார். ஒரே உரிமை எல்லா நிறத்துக்கும் ஒரே எடையில் கிடைப்பதில்லை. இதைச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுதுவது நேர்மையல்ல.

துப்பாக்கி சுமப்பவர்கள் கூடியதால் குற்றம் குறைந்ததா கூடியதா என்ற ஆராய்ச்சிச் சண்டை தனி உலகம். ஜான் லாட் 1998-இல் குறைந்தது என்று புத்தகம் எழுதினார். தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2004-இல், எந்தப் பக்கமும் முடிவு சொல்லச் சான்று போதாது என்றது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹ்யூ குழு 2019-இல், பத்து ஆண்டில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடியது என்றது. கடைசி ஆய்வு வலுவானது என்பது என் கருத்து. இருந்தாலும் ஒரு குடும்பம் முடிவெடுக்க உதவும் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு மற்ற ஆண்களைப்போல் எட்டு மடங்காக இருந்தது. பெண்களுக்கு 35 மடங்கு. வெளியிலிருந்து வரும் எதிரிக்காக வாங்கிய ஆயுதம், மனம் உடைந்த ஓர் இரவில் வீட்டுக்குள்ளேயே கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. வேறு வழிகளில் முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த ஓர் இரவைக் கடந்துவிட்டால் வாழ்க்கை மீள்கிறது. தோட்டா அதற்கு இடம் கொடுப்பதில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2009-இல், ஒரே கடையில் வாங்கிய துப்பாக்கிகளால் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தக் கடைக்காரர் உடைந்துபோனார். மனநல அறிஞர்களோடு உட்கார்ந்து பேசினார். மன வேதனையில் வந்திருப்பவரை எப்படி அடையாளம் காண்பது, எப்போது விற்க மறுப்பது, வீட்டில் யாராவது சோர்ந்திருந்தால் துப்பாக்கியைச் சிறிது காலம் நண்பரிடம் கொடுத்துவைக்கச் சொல்வது ஆகியவற்றைக் கடைக்காரர்களே பேச ஆரம்பித்தார்கள். அந்த முயற்சி பிற மாநிலங்களுக்கும் பரவியது. துப்பாக்கியை வெறுப்பவர்கள் செய்த வேலையல்ல இது, அதை விற்றுப் பிழைப்பவர்கள் செய்தது. கட்டாயப் பயிற்சி இருந்த இடங்களில் இந்தப் பாடத்தையும் ஒரு மணி நேரம் சேர்த்திருக்கலாம். வகுப்பே இல்லாதபோது எதில் சேர்ப்பது?

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் “நாமும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?” என்ற பேச்சு எழுகிறது. அவர்கள் முதலில் அறிய வேண்டியது, எச்1பி அல்லது மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. மாநிலம் உரிமம் கேட்பதில்லை என்பதால் தனக்கும் அனுமதி என்று எண்ணிவிடக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டு. மாநில எல்லை தாண்டினால் சட்டமே மாறிவிடும். பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு தாய், 2013-இல் நியூஜெர்சிக்குள் காரோட்டிப் போனபோது காவலரிடம் தானே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார், சிறைவாசம் காத்திருந்தது, 2015-இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கிய பிறகே மீண்டார்.

துப்பாக்கி வாங்காத குடும்பத்துக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பிள்ளையை நண்பன் வீட்டில் விளையாட விடும்போது, அந்த வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா என்று பெற்றோரிடம் நேராகக் கேட்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். நம்மவர்களுக்கு இப்படிக் கேட்கக் கூச்சம் இருக்கும். கூச்சப்படாமல் கேளுங்கள். 2020 முதல் அந்த நாட்டில் ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகள், பதின்வயதினர் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி இருக்கிறது.

பயிற்சியைக் கட்டாயமாக்கக் கூடாது என்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. வகுப்புக்குப் பணம் வேண்டும், வேலைக்கு விடுப்பு வேண்டும். ஏழைகளுக்கு, அதிலும் ஆபத்து மிகுந்த பகுதிகளில் வாழும் கறுப்பர்களுக்கு, அது உரிமையைப் பறிப்பதாகும் என்கிறார்கள். உரிம அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு வரலாறும் சாட்சி. 1956-இல் அலபாமாவின் மாண்ட்கமரியில் வீட்டின் மேல் குண்டு வீசப்பட்ட பிறகு, மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பமாக இருந்ததன் விளைவு அது. அந்த விருப்ப அதிகாரம் ஒழிந்தது நல்லது. ஆனால் தகுதி பெற்ற எல்லோருக்கும் கட்டாயம் உரிமம் என்று விதித்து, வகுப்பையும் தோட்டாச் செலவையும் அரசே ஏற்றால் ஏழைக்கும் உரிமை கிடைக்கும், திறமையும் கிடைக்கும். டெக்ஸாஸ் இணையத்தில் ஓர் இலவசப் பாடத்தை மட்டும் வைத்திருக்கிறது. திரையைப் பார்த்து யாரும் உறையில் திருப்பிச் செருகக் கற்றுக்கொள்ள முடியாது.

விரும்பிக் கேட்பவர்களுக்கு டெக்ஸாஸில் இன்றும் உரிமம் உண்டு. அதற்கான சுடும் தேர்வு கடுமையானதல்ல: மூன்று கஜத்தில் 20 தோட்டா, ஏழு கஜத்தில் 20, பதினைந்து கஜத்தில் 10, 250 மதிப்பெண்ணில் 175 எடுத்தால் தேர்ச்சி. இதைக்கூடக் கடக்காமல் துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பதுதான் இன்றைய சட்டம். அதே டெக்ஸாஸில், 1971 செப்டம்பர் 2-இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர் மான் வேட்டைக்குப் போக வேண்டுமானால் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். 1988 முதல் அது கட்டாயம். அதன்பின் வேட்டை விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. காட்டில் தனியாக நிற்பவரிடம் கேட்கும் சான்றிதழை, குழந்தைகள் ஓடியாடும் கடைக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு நுழைகிறவரிடம் கேட்பதில்லை. டெக்ஸாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளின் தொடக்கத்தில் கூடுகிறது. 1995-இல் தானே எழுதிய வகுப்பை, கைப்பையையும் காரையும் குழந்தையையும் மன வேதனையையும் பற்றிய பாடங்களைச் சேர்த்து, அரசுச் செலவில் திரும்பக் கொண்டுவர அதன் இரு அவைகளின் பெரும்பான்மையும் ஆளுநரின் கையெழுத்தும் போதும்.